பரணில் கிடக்கும் பழைய ஃபேன், ரேடியோ, மிக்ஸி: பழைய தோற்றத்தை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து அநேகமாக ஒரு இரும்பு டேபிள் ஃபேன் இறங்கும். கூடவே ஒரு வால்வு ரேடியோ, மஞ்சளாகிப்போன மிக்ஸி, சில வீடுகளில் மூலை வளைந்த பழைய ஃபிரிட்ஜ். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்பார், கொடுத்துவிடாதீர்கள். அப்படிப் போன சாமான்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வேறு விலைக்கு நிற்கிறது. விலையை விடுங்கள், தாத்தா காலத்து ஃபேன் திரும்பக் கூடத்தில் சுற்றுவதை வீட்டில் எல்லோரும் நின்று பார்ப்பார்கள், அதற்காகவே செய்யலாம்.

இந்த வழிகாட்டி தோற்றத்தைப் பற்றியது. மோட்டார் ரிப்பேர், வால்வு மாற்றுவது எல்லாம் தனி வேலை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: கழுவி, தேய்த்து, மெழுகு போட்டுப் பார்த்த பிறகுதான் பெயிண்ட் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஒரு முறைதான் உண்டு. அதைச் சுரண்டி எடுத்த பிறகு எவ்வளவு பளபளப்பாகப் புதுசு அடித்தாலும் அது புது ஃபேன் மாதிரிதான் இருக்கும், பழைய ஃபேனாக இருக்காது.

கை வைப்பதற்கு முன்

முதல் வேலை, பிளக்கில் சொருகிப் பார்க்காமல் இருப்பது. "ஓடுதான்னு பாப்போம்" என்று யாராவது சொருகிவிடுவார்கள். இருபது வருடம் பரணில் கிடந்த வயரின் ரப்பர் உறை கையில் தொட்டாலே உதிரும். உள்ளே எலி கடித்திருக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம். மோட்டாரில் ஈரம் ஏறியிருக்கலாம், இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் பாயலாம். வயர் மாற்றி, எலக்ட்ரீஷியன் சீரிஸ் லாம்ப் (பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் சோதனை விளக்கு) போட்டுச் சோதிக்கும் வரை அது வெறும் இரும்புச் சாமான்தான்.

வால்வு ரேடியோவுக்கு இன்னும் கவனம் வேண்டும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி உண்டு, சமீபத்தில் யாராவது போட்டுப் பார்த்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தேங்கி நிற்கும். ஏசி/டிசி செட் என்று ஒரு வகை உண்டு, அதில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின்ஸ் நேராக சேஸிஸோடு (உள்ளே பாகங்களைத் தாங்கும் இரும்புத் தட்டு) சேர்ந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கம் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்து சேஸிஸே லைவ் ஆகிவிடும், நாப்பைப் பிடித்திருக்கும் சின்ன திருகு வழியாகக்கூட ஷாக் அடிக்கலாம். கேபினட்டிலிருந்து சேஸிஸை வெளியே எடுக்கும் வேலையை வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேபினட்டும் நாப்புகளும் உங்கள் கைக்கு வந்தால் போதும்.

அடுத்தது ஈயம். பழைய பெயிண்ட்களில் ஈயம் இருக்கும், இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்களில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும், நல்ல மாஸ்க் போட வேண்டும், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலையே வேண்டாம். தேய்த்த கழிவுத் தண்ணீர் கிணற்றடிக்கோ வாய்க்காலுக்கோ போகாமல் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். பழைய எலக்ட்ரிக் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி சூடாகும் சாமான்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடோ கல்நார் நூல் சுற்றிய வயரோ இருக்கலாம். அவற்றைப் பிரிக்கவே வேண்டாம், வெளியே துடைத்து அலமாரியில் வைத்தால் போதும்.

சரி, இனி பிரிக்கலாம். ஒவ்வொரு திருகு கழற்றும்போதும் போனில் ஒரு படம் எடுங்கள். முட்டை அட்டை ஒன்று எடுத்து, கழற்றிய வரிசையில் குழிக்குக் குழி திருகுகளைப் போட்டு, குழியில் பேனாவால் எழுதி வையுங்கள். டேபிள் ஃபேனில் முதலில் முன் கூண்டு, பிறகு இறக்கை. இறக்கையைத் தண்டோடு பிடித்திருப்பது பக்கவாட்டில் ஒரு சின்ன திருகாக இருக்கலாம், அல்லது முன்னால் ஒரு நட்டாக இருக்கலாம். நட்டாக இருந்தால் அது பெரும்பாலும் இடப்புற மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வராத திருகை முறுக்கி உடைக்காதீர்கள். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விட்டால் காலையில் அநேகமாக வந்துவிடும். இறக்கையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வளைக்கவோ தட்டவோ கூடாது, அதன் சமநிலை கெட்டால் ஃபேன் ஆடத் தொடங்கும், அப்புறம் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

கழுவுதல்

இந்தப் படியில்தான் பாதி அழகு திரும்பி வரும், இதைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போவார்கள். பரண் தூசி சும்மா தூசி இல்லை, விறகடுப்புக் காலத்துப் புகை, தாளிப்பு எண்ணெய், சாம்பிராணி எல்லாம் சேர்ந்து இறுகிய ஒரு படலம். முதலில் உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவுவது கழற்றி எடுத்த கூண்டு, இறக்கை, ஜார் போன்றவற்றுக்கு மட்டும்தான். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையென்றால் மண்ணெண்ணெயோ டர்பென்டைனோ துணியில் தொட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். துணியில் பெயிண்ட் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள்.

நம் வீடுகளில் எதற்கும் சபீனா, செங்கல் தூள், தேங்காய் நார் என்று கை போகும். பாத்திரத்துக்கு அது சரி, பழைய எனாமல் மேல் வேண்டாம், கீறல் விழுந்த பளபளப்பு திரும்பாது. பாத்ரூம் ஆசிட்டும் வேண்டாம். அது துருவை எடுக்கும்தான், ஆனால் அதன் ஆவி அதே அறையில் இருக்கும் மற்ற இரும்பிலெல்லாம் துருவேற்றிவிடும். அலுமினியத்தில் சலவை சோடா படவே கூடாது, கறுத்துவிடும்.

பழைய பெயிண்டையே எழுப்புவது

கழுவிக் காய்ந்த ஃபேனைப் பார்த்தால் நிறம் மங்கி, சுண்ணாம்பு பூசியது போல் இருக்கும். அடியில் நிறம் உயிரோடு இருக்கிறது, மேல்தோல்தான் வெயிலிலும் காற்றிலும் செத்திருக்கிறது. கார் பெயிண்ட் கடையில் ரப்பிங் காம்பவுண்ட் கிடைக்கும், கரடானது, மிருதுவானது என்று இரண்டு வகை. மிருதுவானதை மட்டும் வாங்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். துணியில் பெயிண்ட் நிறம் ஏறும், அந்தச் செத்த தோல்தான் அது, எதிர்பார்த்ததுதான். அதிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, துணியைப் பிறகு வேறு எதற்கும் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். விளிம்பிலும் மேட்டிலும் அழுத்தாதீர்கள், அங்கே பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், இரும்பு தெரிந்துவிடும். ஒரு பக்கம் முடித்து மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல ஃபேன்களுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். மேலே கார் மெழுகு ஒரு பூச்சு, அரைமணி கழித்துத் துடைப்பு, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று இடத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் அங்கே மட்டும் தொட்டு வைக்கலாம். நிறம் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெயர்ப் பட்டைக்கு அடியிலோ அடித்தட்டின் உள்பக்கத்திலோ வெயில் படாத பழைய நிறம் அப்படியே இருக்கும். ஆனால் தொட்டு வைக்க வேண்டிய இடம் வெளியே மங்கிய இடம், அதனால் காம்பவுண்ட் தேய்த்த பிறகு தெரியும் நிறத்தைத்தான் பெயிண்ட் கடைக்கு எடுத்துப் போய்க் கலந்து வாங்க வேண்டும்.

துரு

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அங்கே உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே நிற்பதில்லை. தஞ்சாவூர் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இரும்பு எங்கே இருந்தாலும் வேர்க்கும்.

கழற்றி எடுக்க முடிந்த இரும்புப் பாகங்களுக்கு நான் சொல்வது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் தூள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பாகத்தை முழுக்க மூழ்க விடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து பிரஷ் போட்டுப் பாருங்கள், போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள், நல்ல இரும்பையும் அது மெல்லத் தின்னும். துரு போனதும் நல்ல தண்ணீரில் அலசி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மறுபடி அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையரிலோ வெயிலிலோ சுடச்சுடக் காய வையுங்கள். இந்த உடனே என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ஈரத்தில், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வெள்ளை இரும்பு மேல் மெல்லிய மஞ்சள் துரு படர்ந்திருக்கும். காய்ந்த அதே வேளையில் பிரைமரோ, பெயிண்ட் அடிக்காத பாகமென்றால் மெஷின் எண்ணெயோ ஏறிவிட வேண்டும். பெயிண்ட் நன்றாக இருக்கும் பாகத்தை இந்தத் தண்ணீரில் போட வேண்டாம், ஓரத்தில் புகுந்து தூக்கிவிடும்.

கழற்ற முடியாத இடத்துக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தளர்ந்த துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மெல்லியதாகப் பூசினால் மிச்சத் துரு கறுத்து இறுகிவிடும், அதன் மேல் பிரைமர் பிடிக்கும்.

குரோம், பித்தளை, அலுமினியம்

குரோம் பூசிய கூண்டிலும் ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கிப் பந்தாக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மிருது, கீறாது, துரு மட்டும் கழன்று வரும். குரோமே உரிந்து போயிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மறுபடி முலாம் போடும் இடத்துக்குத்தான் போக வேண்டும், ஒரு கூண்டுக்கு அந்தச் செலவு தகுமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

பித்தளை இறக்கை உள்ள ஃபேன் கிடைத்தால் அதிர்ஷ்டம். புளியும் உப்பும் போட்டு எடுத்தால் பளிச்சென்று வரும், நம் வீட்டில் குத்துவிளக்கு தேய்த்தவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் புளியை ஊற வைத்து மறந்துவிட்டால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மேலே வந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும், அதனால் தேய்த்த கையோடு கழுவுங்கள். கடைசி மெருகுக்கு விபூதியை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும், பிராஸோவும் சரிதான். வீட்டில் முடியாத அளவு கறுத்திருந்தால் நாச்சியார்கோயில் பக்கம் கேட்டுப் பாருங்கள். குத்துவிளக்கு செய்யும் பட்டறைகளில் பித்தளைக்கு மெருகேற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைக்கு ஃபேன் இறக்கை சின்ன வேலை. ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: இறக்கையை மெஷினில் அதிகம் கொடுத்துத் தேயவிடக் கூடாது, நான்கும் ஒரே அளவு தேய வேண்டும். மெருகு ஏறியதும் மெழுகு பூசிவிட்டால் கறுப்பது தள்ளிப் போகும்.

அலுமினியப் பாகங்களுக்கு சோப்புத் தண்ணீர், மெட்டல் பாலிஷ், மெழுகு, அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால்

பாதிக்கு மேல் பெயிண்ட் உரிந்திருக்கிறது, அல்லது யாரோ ஒரு பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு வாங்கிய பச்சை எனாமலை அதன் மேலும் அடித்துவிட்டார்கள், அப்போது வேறு வழியில்லை. (பின்னதில் அவசரப்படாதீர்கள், மேல் பூச்சை மட்டும் பொறுமையாக எடுத்தால் சில சமயம் அடியில் பழைய பெயிண்ட் பத்திரமாகக் கிடைக்கும்.)

முதலில் காலம் பாருங்கள். டெல்டாவில் பெயிண்ட் நன்றாக அமைவது மாசி பிற்பாதியிலிருந்து சித்திரை வரை. தை மாதம் பனி, காலை பத்து மணி வரை எல்லாம் ஈரம். அத்தோடு சம்பா அறுவடை மெஷின் பக்கத்து வயலில் ஓடினால் வைக்கோல் தூசி ஈரப் பெயிண்டில்தான் வந்து உட்காரும். ஆடியில் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் நினைக்கவே வேண்டாம், ஈரக் காற்றில் என்.சி. பெயிண்ட் (நைட்ரோசெல்லுலோஸ், தின்னரில் கரையும் வகை) காயும்போது வெளுத்து மங்கிவிடும். நல்ல மாதத்திலும் காலை பத்திலிருந்து மதியம் மூன்றுக்குள் முடியுங்கள், வெயிலில் சுடும் இரும்பின் மேல் அடிக்காமல் நிழலில் வைத்து அடியுங்கள்.

மோட்டாரைக் கழற்றாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. தண்டைத் தாங்கும் துளைகள், தண்டு, மரை எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். பழைய பெயிண்டை பெயிண்ட் ரிமூவர் பூசி எடுப்பது தூசிக்கு நல்லது, ஆனால் அதைக் காற்றோட்டமான வெளியிடத்தில் கையுறையோடுதான் செய்ய வேண்டும். பிறகு 180 அல்லது 220 நம்பர் வாட்டர் பேப்பர், பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, 400-இல் சமப்படுத்தல். வார்ப்பிரும்பு அடித்தட்டில் இயல்பாகவே ஒரு சொரசொரப்பு இருக்கும், அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கப் பட்டியை அப்பாதீர்கள், அந்தக் காலத்து வார்ப்பு அப்படித்தான் இருந்தது.

பிரைமர் போடும் முன் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ரெட் ஆக்ஸைடு பிரைமர் போதும். ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு, அதில் ரெட் ஆக்ஸைடு சரியாகப் பிடிக்காது, எபோக்ஸி பிரைமரோ எட்ச் பிரைமரோ வாங்க வேண்டும். பிரைமர் காய்ந்ததும் 600-இல் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அதன் மேல் பெயிண்ட். ஸ்பிரே டப்பா என்றால் 20-25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, ஒரே தடவையில் மூடப் பார்க்காமல் மெல்லிய மூன்று நான்கு பூச்சாகக் கொடுங்கள். பல பழைய சாமான்களில் சுத்தியால் தட்டியது போன்ற சாம்பல் பச்சை நிறம் பார்த்திருப்பீர்கள், அது ஹேமர்டோன் பெயிண்ட், இன்றும் கிடைக்கிறது. அதற்கு மட்டும் விதி நேர்மாறு: கடைசிப் பூச்சு கொஞ்சம் கனமாக, ஈரமாக விழுந்தால்தான் அந்தப் புள்ளிகள் விரியும், மெல்லியதாக அடித்தால் வெறும் சாம்பல் நிறமாக நிற்கும்.

கார் பட்டறையில் கொடுத்து அடிப்பதும் நல்ல வழி. அவர்கள் இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் அடிப்பார்கள், உறுதியானது, ஆனால் அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் அதை வீட்டில் முயல வேண்டாம். திருச்சிப் பக்கம் பவுடர் கோட்டிங் செய்யும் இடங்கள் உண்டு, கூண்டுக்கு அது நன்றாக அமையும். 180-200 டிகிரி சூட்டில் வைத்து எடுப்பதால் பட்டி, ரப்பர், ஈயப் பற்று எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஃபேன் உடம்புக்கு நான் பவுடர் கோட்டிங் சொல்ல மாட்டேன், பிளாஸ்டிக் உறை போட்டது போல் தடித்துத் தெரியும்.

அடித்த பெயிண்ட் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே காய ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் பூட்டினால் நட்டு பெயிண்டில் பதிந்துவிடும்.

பெயர்ப் பட்டை

உஷா, ஓரியண்ட், கிராம்ப்டன் என்று முன்னால் இருக்கும் அந்தச் சின்னத் தகடுதான் ஃபேனின் முகம். அதன் எழுத்துப் பள்ளத்தில் பெயிண்ட் இருக்கும், பிராஸோ போட்டு அதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். போய்விட்டிருந்தால் எனாமல் பெயிண்டை மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தில் நிரப்பி, கொஞ்சம் இறுகியதும் கெட்டி அட்டையில் துணி சுற்றி மேட்டை மட்டும் தட்டையாகத் துடைத்தால் எழுத்து தெளிவாக நிற்கும். அடியில் இருக்கும் வோல்ட், சீரியல் நம்பர் தகட்டின் மேல் பெயிண்ட் படவே கூடாது.

வால்வு ரேடியோவின் கேபினட்

திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. அதன் பிறகு டெல்டாவில் ரேடியோ இல்லாத பெரிய வீடு குறைவு, கடலோரத்தில் அப்போது இலங்கை வானொலியும் நன்றாக எடுக்கும். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று தபால் ஆபீசில் லைசன்ஸ் கட்டி வைத்திருந்த அந்தப் பெட்டிகளில் இரண்டு வகை: தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தாள்) ஒட்டிய மரப்பெட்டி, பேக்கலைட் பெட்டி.

மரப்பெட்டியில் கரையான் இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். பிறகு பாலிஷ் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்: பின்பக்க ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியை வைத்தால் பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ், ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லேக்கர். அரக்கு பாலிஷ் என்றால் வேலை சுலபம், பழையதை எடுக்கவே வேண்டாம். பஞ்சைத் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டும் சில சொட்டு பிரெஞ்சு பாலிஷும் தொட்டு, நிறுத்தாமல் ஓட்டினால் பழைய பாலிஷே இளகிக் கீறல்களை மூடிக்கொள்ளும், டம்ளர் வைத்த வெள்ளை வட்டமும் போய்விடும். வெனீர் தூக்கியிருந்தால் மரப் பசையை ஊசியால் செலுத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கனமான அம்மிக் குழவியை ஒரு நாள் ஏற்றி வையுங்கள். உப்புத்தாள் போட்டு வெனீரைத் தேய்க்காதீர்கள், அது காகிதம் போல மெல்லியது.

பேக்கலைட்டைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. லியோ பேக்கலாண்ட் 1907-இல் கண்டுபிடித்த இந்தப் பிளாஸ்டிக்கில் மரத்தூள் நிரப்பியிருக்கும், மேல் பளபளப்பு போன இடத்தில் ஈரம் புகுந்தால் ஊதிவிடும். ஈரத்துணியால் துடைத்து, மெட்டல் பாலிஷ் போட்டு மெதுவாகத் தேய்த்தால் பழுப்பு மேல்தோல் போய் ஆழ்ந்த நிறம் வரும். பிறகு மெழுகு. உடைந்த ஓரத்தை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், சில பழைய பேக்கலைட்டில் கல்நாரும் கலந்திருக்கும்.

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்று நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது டயல் கண்ணாடியாக இருக்கட்டும். ஊர்ப் பெயர்களும் மீட்டர் எண்களும் அச்சிட்டிருப்பது கண்ணாடியின் பின்பக்கம். ஈரத்துணி ஒரு தடவை போனால் திருச்சியும் கொழும்பும் துணியோடு வந்துவிடும், அப்புறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. முன்பக்கம் மட்டும் துடையுங்கள், பின்பக்கம் மிருதுவான பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி. வால்வின் மேல் இருக்கும் எழுத்தும் அப்படித்தான், விரல் பட்டாலே அழியும், தொடாதீர்கள்.

ஸ்பீக்கர் துணியைத் துவைத்தால் சுருங்கும். கொசுவலைத் துண்டை மேலே பிடித்து வேக்வம் கிளீனரில் மெதுவாக இழுத்தால் போதும். கிழிந்தே போயிருந்தால் கைத்தறிக் கடையில் இழை தளர்வான பருத்தித் துணி பாருங்கள். வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் வெளியே வர வேண்டும், இல்லையென்றால் பாட்டு அடைத்துக் கேட்கும்.

மஞ்சளான மிக்ஸி

வெள்ளை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கே மாறியிருக்கிறது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும்தான் மருந்து. பியூட்டி பார்லர் சாமான் விற்கும் கடையில் முடி வெளுக்கும் டெவலப்பர் கிரீம் கேளுங்கள், 40 வால்யூம் என்று போட்டிருந்தால் 12 சதவீதம். மோட்டார், சுவிட்ச், ஸ்டிக்கர் எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் கழுவிக் காய வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கிரீமைச் சமமாகப் பூசி, சமையலறை கிளிங் ஃபிலிம் சுற்றி மொட்டை மாடியில் வையுங்கள். கிரீம் காய்ந்தால் அந்த இடம் திட்டுத் திட்டாக வெளுக்கும், எனவே அரைமணிக்கு ஒரு தடவை திருப்பி, காய்ந்த இடத்தில் மறுபடி தடவ வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு பகல் போதும், பல சமயம் அதற்கு முன்பே வெளுத்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம், கூடு வளைந்துவிடலாம். வருடங்கள் போனால் மஞ்சள் கொஞ்சம் திரும்பும், வெயில் படாத இடத்தில் வைத்தால் தள்ளிப்போகும். பெயிண்ட் அடித்த கூட்டிலும் பேக்கலைட்டிலும் இதைச் செய்யாதீர்கள்.

தையல் மெஷின், ஃபிரிட்ஜ்

கறுப்புத் தையல் மெஷினின் தங்க நிறப் பூ வேலையை ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் லிக்விட் எதுவும் தொடக் கூடாது, மேலே இருக்கும் அரக்குப் பூச்சு கரைந்து பூவும் போய்விடும். தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, ஊறவிட்டுத் துடைப்பதுதான் ஒரே வழி, பல தடவை செய்ய வேண்டியிருக்கும்.

ஃபிரிட்ஜில் கீழ் ஓரம்தான் துரு ஏறும், தினமும் வீடு கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். துருவை எடுத்து, பிரைமர் போட்டு, எனாமல் அடித்து, மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பழைய ஃபிரிட்ஜின் குழாய்களில் சிஎஃப்சி என்ற குளிரூட்டும் வாயு இருக்கலாம், 2010-லிருந்தே அது தடைசெய்யப்பட்டது, ஓசோனுக்குக் கேடு, அதனால் துளை போடுவது, கத்தியால் ஐஸ் சுரண்டுவது கூடாது. காந்தப் பட்டை இல்லாமல் கொக்கி போட்டு மூடும் மாடல் என்றால் முதல் நாளே கொக்கியைக் கழற்றிவிடுங்கள். குழந்தை உள்ளே புகுந்து மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது.

தண்ணீரில் நின்ற சாமான்

2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம், நாகை பக்கம் பல வீடுகளில் சாமான்கள் நனைந்து நாசமாயின. உப்புத் தண்ணீரோ வண்டலோ ஏறியதைக் காய வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. காய்ந்தால் உப்பு உள்ளே தங்கி இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். முடிந்த சீக்கிரம் நல்ல தண்ணீரில் பல தடவை அலசி, பிறகு காய வைத்து, மோட்டாரை ரீவைண்டிங் கடையில் கொடுத்து உலர்த்தி வார்னிஷ் போட்டு வாங்க வேண்டும். அதன் பிறகுதான் மேல் அழகெல்லாம்.

வயரும் பூட்டுவதும்

எண்ணெய் விடும் இடத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகி இறுகிவிடும், மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். வயரை மட்டும் பழையபடி வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். துணி பின்னிய புது வயர் கிடைக்கிறது, தோற்றமும் கெடாது. மூன்று கம்பி உள்ளதாக வாங்கி, பச்சைக் கம்பியை இரும்பு உடம்போடு இறுகப் பிணைத்து, மூன்று முள் பிளக் போடச் சொல்லுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இன்னும் நல்லது. பழைய கூண்டுகளில் கம்பி இடைவெளி அகலம், குழந்தை விரல் நுழையும், எனவே எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அப்புறம் வைத்திருப்பது

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே ஈரம் தேங்கும், பருத்தித் துணி போதும். ஐப்பசி பிறக்கும் முன் வருடத்துக்கு ஒரு தடவை மெழுகு, நாகை, காரைக்கால் மாதிரிக் கடலோரத்தில் இரண்டு தடவை. ஃபேனை வாரம் ஒரு நாளாவது கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் மோட்டாரின் ஈரம் வெளியேறும். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் வயர் மாற்றியதா, எர்த் போட்டிருக்கிறதா என்று ஒரு சீட்டில் எழுதி அடித்தட்டின் உள்ளே ஒட்டிக் கொடுங்கள்.